பாலத்துக் கேட்டை மூடிய வழக்கு

நகர அரங்கத்தில் தினமும் சாயங்காலம் இரண்டு பேர் செத்துக்கொண்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை இரண்டு காட்சி என்பதால் நான்கு சாவு. இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. டிக்கெட் வாங்கி உள்ளே போனார்கள், மூக்கைச் சிந்திக்கொண்டு வெளியே வந்தார்கள், வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். நானும் அப்படிப் போனவன்தான்.

நாடகம் இதுதான். ஆற்றுக்கு இந்தக் கரையில் ஒரு பையன், அந்தக் கரையில் ஒரு பெண். இரண்டு குடும்பங்களுக்கும் ஆகாது. ஏன் ஆகாது என்பதை நாடகாசிரியர் முதல் காட்சியிலேயே சொல்லிவிடுகிறார். ஆனால் அந்த நேரத்தில் ஜனங்கள் நாற்காலி தேடிக்கொண்டிருப்பதால் அது இதுவரை யாருக்கும் தெரியாது. இருவரும் பாலத்தில் சந்தித்து ஊரைவிட்டு ஓடிப்போவதாக ஏற்பாடு. பையன் முதலில் வந்து பாலத்தின் மேல் காத்திருக்கிறான். பெண்ணை அவளுடைய அப்பா பிடித்து வைத்துக்கொண்டு நீளமாக அறிவுரை சொல்கிறார். அவள் தப்பித்து ஓடிவருவதற்குள் இருட்டிவிடுகிறது. பாலத்துக் காவலாளி கேட்டை மூடிவிடுகிறான். "நேரம் ஆச்சு. கேட் மூடியாச்சு" என்கிறான். அவள் வரவே இல்லை என்று நினைத்துப் பையன் ஆற்றில் குதிக்கிறான். தண்ணீர்ச் சத்தம் கேட்டு அவளும் கரையிலிருந்து குதிக்கிறாள். திரை விழுகிறது.

காவலாளியாக நடிக்க வேண்டியவருக்கு ஒத்திகை நேரத்தில் வேறு ஊரில் வேலை கிடைத்துவிட்டது. டைரக்டர் தலையில் கைவைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தபோது, அரங்கத்தின் கேட்காரர் காக்கி உடுப்பில் வாசலில் நின்றுகொண்டிருந்தார். "உங்களுக்கு டிரெஸ்கூடத் தைக்க வேண்டாமே" என்று டைரக்டர் கண் கலங்கினார்.

அன்றிலிருந்து கேட்காரர் தினமும் சாயங்காலம் அரங்கத்துக் கேட்டைச் சாத்திவிட்டு, மேடைக்குப் போய், பாலத்துக் கேட்டைச் சாத்திவிட்டு, திரும்பவும் அரங்கத்துக் கேட்டுக்கு வந்து நிற்பார். ஒரே ஒரு வசனம். அதை அவர் அபாரமாகச் சொன்னார் என்று பத்திரிகையில்கூட எழுதினார்கள். அபாரம் ஒன்றுமில்லை. தாமதமாக வருகிறவர்களிடம் பல வருஷமாக அவர் சொல்லிவருகிற வார்த்தைதான் அது.

அரங்கத்தின் பின்பக்கம், சைக்கிள் ஷெட்டைப் பார்த்தபடி இரண்டு அறை. அதில்தான் கேட்காரரும் அவர் மனைவியும் இருந்தார்கள். வேலையோடு சேர்த்துக் கொடுத்த அறைகள். வேலை போனால் அறைகளும் போகும் என்பது இரண்டு பேருக்கும் நன்றாகத் தெரியும். மனைவி நாடகக்காரர்களின் கிழிந்த உடுப்புகளைத் தைத்துக் கொடுப்பார். கதாநாயகி தினமும் குதிப்பதால் தினமும் ஏதாவது கிழியும்.

இப்படி எல்லாரும் நிம்மதியாகச் செத்துக்கொண்டிருந்தபோதுதான் ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் நாடகம் பார்க்க வந்தார். ஓய்வுபெற்ற பிறகும் அவருக்குப் புகார் கொடுக்கிற பழக்கம் ஓய்வுபெறவில்லை. நகராட்சிக் கட்டடத்துக்குள்ளேயே இரண்டு இளசுகள் தினமும் சாகிறார்கள், நிர்வாகம் கைகட்டி வேடிக்கை பார்க்கிறது என்று புகார் கொடுத்தார்.

நகராட்சியில் இருப்பவர்கள் முட்டாள்கள் இல்லை. அது நாடகம் என்பது அவர்களுக்கும் தெரியும். ஆனால் புகார் வந்தால் பதில் சொல்லியாக வேண்டும். "யாரும் சாகவில்லை" என்று பதில் சொல்வதென்றால் அதில் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். நாளைக்கு நிஜமாகவே யாராவது செத்துத் தொலைத்தால்? கையெழுத்துப் போட்டவர் மாட்டிக்கொள்வார். ஆளாளுக்குப் பேனாவை மூடி வைத்தார்கள். கையெழுத்துப் போடுவதைவிடக் கமிஷன் போடுவது பத்திரமாகத் தெரிந்தது. 'இளங்காதலர் இறப்புப் பொறுப்பு நிர்ணய விசாரணைக் கமிஷன்' அப்படித்தான் பிறந்தது.

கமிஷன் அரங்கத்தின் ஒத்திகை அறையில் உட்கார்ந்தது. ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி பதித்த அறை அது. கமிஷன் தலைவர் பேசும்போது தன்னையே பார்த்துக்கொள்ளலாம் என்பதால் அவருக்கு அறை பிடித்துப்போயிற்று. உட்காருவதற்கு ஏதோ பழைய ராஜா நாடகத்துச் சிம்மாசனத்தை எடுத்துப் போட்டார்கள். அதிலிருந்த பொன் வர்ணம் உதிர்ந்து தினமும் அவர் கோட்டு முதுகில் ஒட்டிக்கொள்ளும். மத்தியானம் மாத்திரை கொண்டுவருகிற மகள் அதைத் தட்டிவிடுவாள். தாயில்லாத பெண். அப்பாவின் மாத்திரை, அப்பாவின் முதுகு எல்லாம் அவள் பொறுப்பு.

தலைவருக்குப் பக்கத்தில் ஒரு செயலாளர். எந்த விஷயத்துக்கும் ஒரு விதி இருக்கிறது என்று நம்புகிறவர். இல்லையென்றால் அந்த விஷயமே இல்லை என்று நம்புகிறவர். அவருக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டெனோ. ஒல்லியான பையன், சத்தமில்லாமல் எழுதுவான்.

முதல் நாள் தலைவர் துவக்க உரை ஆற்றினார்.

"யாரையும் குற்றம் சாட்டறது இந்தக் கமிஷனோட நோக்கமே இல்ல. யார் குற்றவாளின்னு கண்டுபிடிக்கறது மட்டும்தான் நோக்கம். நான் இதுவரைக்கும் பல கமிஷனுக்குத் தலைமை வகிச்சிருக்கேன். ஒண்ணுலகூடப் பொறுப்பாளி இல்லாம எழுந்து போனதில்ல. ரெண்டு மூணு தடவை நாங்க கண்டுபிடிச்ச ஆள் ஏற்கெனவே செத்துப்போயிருந்தாரு. அது எல்லாருக்குமே வசதியா இருந்தது. அவர்கூட மறுத்துப் பேசல."

எல்லாரும் கைதட்டினார்கள். கேட்காரரும் தட்டினார். தனக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்ற தைரியத்தில் கொஞ்சம் பலமாகவே தட்டினார்.

முதல் சாட்சி நாடகாசிரியர். "நான் அவங்களைச் சாகச் சொல்லல சார். அவங்களே செத்தாங்க. ஒரு கட்டத்துக்கு மேல பாத்திரங்கள் நம்ம பேச்சைக் கேக்காது. எந்த எழுத்தாளனை வேணாலும் கேட்டுப் பாருங்க" என்றார்.

தலைவர் மற்ற எழுத்தாளர்களைக் கூப்பிட்டுக் கேட்பதா என்று யோசித்தார். அவர்கள் ஒருத்தர்கூடச் சீக்கிரம் பேசி முடிக்கமாட்டார்கள் என்று செயலாளர் காதில் சொன்னதும் நாடகாசிரியர் விடுவிக்கப்பட்டார்.

அடுத்து பெண்ணின் அப்பாவாக நடித்தவர். பகலில் பல் டாக்டர். "பொண்ணு ஓடிப்போறான்னு தெரிஞ்சா எந்த அப்பன் சார் சும்மா இருப்பான்? நான் நாலு நல்ல வார்த்தை சொன்னேன். சொல்லக்கூடாதா?" என்று குரல் தழுதழுக்கக் கேட்டார். தலைவர் நெகிழ்ந்துபோனார். தானும் ஒரு பெண்ணைப் பெற்றவன் என்றும், பல் டாக்டர் இன்னும் கொஞ்ச நேரம் அறிவுரை சொல்லியிருக்கலாம் என்றும் கருத்துத் தெரிவித்தார்.

பிறகு ஆறு. ஆறு என்பது ஒரு நீலத் துணி. இரண்டு பேர் இரண்டு பக்கமும் உட்கார்ந்து ஆட்டுவார்கள். நீர்வளத் துறையிலிருந்து ஒரு எஞ்சினியர் வந்து துணியின் ஆழத்தை அளந்தார். நீந்தத் தெரியாதவர்கூட இதில் மூழ்க வாய்ப்பில்லை என்று சொன்னார். "அப்படின்னா எப்படிச் செத்தாங்க?" என்று தலைவர் கேட்டதும் எஞ்சினியருக்கு வியர்த்தது. துணி எங்கள் துறையில் வராது, ஜவுளித் துறையைக் கேளுங்கள் என்று சொல்லிவிட்டு அளவுகோலைக்கூட எடுத்துக்கொள்ளாமல் போய்விட்டார்.

செத்தவர்களையே கூப்பிட்டுக் கேட்டால் என்ன என்று டைரக்டர் யோசனை சொன்னார். கதாநாயகனும் கதாநாயகியும் வந்து நின்றார்கள். செயலாளர் அவர்களை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்க யாரு?"

"நான்தான் சார் செத்தவன்."

"நீங்க நடிகர். செத்தவர் வேற ஆள். அவரைக் கூட்டிட்டு வாங்க."

"அவருங்கறது நான்தான் சார். நான் நடிச்சாத்தான் அவரு."

"கதைல வர்றவங்க மேல கமிஷனுக்கு அதிகாரம் கிடையாது தம்பி. நடிகர்களுக்கும் சாவுக்கும் சம்பந்தம் கிடையாது. போய் உக்காருங்க."

இந்த ஒரு வாக்கியத்தில் எல்லாரும் தப்பித்துவிட்டார்கள். அப்பாவும் கதையில் வருபவர். இரண்டு குடும்பத்தாரும் கதையில் வருபவர்கள். பார்க்கப்போனால் கதையில் வராதவர் என்று யாருமே மிச்சமில்லை. தலைவர் முகம் வாடிப்போயிற்று. பொறுப்பாளி இல்லாமல் எழுந்துபோகிற முதல் கமிஷன் இதுவாகிவிடுமோ என்று அவர் சிம்மாசனத்தில் நெளிந்தார். அப்போதுதான் செயலாளருக்குப் பொறி தட்டியது.

"சார், இந்தக் காவலாளி நம்ம சம்பளப் பட்டியல்ல இருக்கறவரு."

கண்ணாடிச் சுவரில் எல்லாத் தலைகளும் ஒரே சமயத்தில் கதவுப் பக்கம் திரும்பின. கேட்காரர் அங்கே டீ வாங்கிக்கொண்டு வந்து நின்றுகொண்டிருந்தார்.

"சார், நானும் நடிச்சவன்தான் சார்" என்றார் அவர்.

"நீங்க எங்க நடிச்சீங்க?" என்றார் செயலாளர். "உங்க வேலை என்ன? கேட் மூடறது. அங்க என்ன செஞ்சீங்க? கேட் மூடினீங்க. எந்த டிரெஸ்ல? வேலை டிரெஸ்ல. எந்த நேரத்துல? வேலை நேரத்துல. இதுக்குப் பேரு நடிப்பா? இது பணி."

கேட்காரருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. தலைவர் முன்னால் சாய்ந்தார். "அந்தப் பொண்ணு ஓடி வந்துட்டிருந்தது உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும் சார். தினமும் வருதே."

"தினமும் வர்றது தெரிஞ்சும் தினமும் மூடினீங்களா!"

அறையில் ஒரு பெரிய 'ச்சு' சத்தம். பல் டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார். கேட்காரர் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டோம் என்று தெரிந்து அவசரமாகச் சொன்னார்: "சார், கேட்டை மூடுன்னு டைரக்டர்தான் சொன்னாரு."

தலைவர் ஸ்டெனோவைப் பார்த்துக் கையை உயர்த்தினார். ஸ்டெனோ பேனாவை உயர்த்தினான்.

"நீங்க இப்ப சொன்னது பதிவாகல" என்றார் தலைவர். "இந்தக் கமிஷன்ல பதிவாகாதது சொல்லப்படாதது. முதல் விதியே அதுதான். நான் போட்டது."

அன்று ராத்திரி வீட்டில் கேட்காரர் சாப்பிடாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மனைவி கதாநாயகியின் பாவாடையைத் தைத்துக்கொண்டிருந்தார்.

"வேலை போயிடுமா?" என்றார் மனைவி.

"ரெண்டு உயிரைக் கொன்னவனை வெச்சுக்குவாங்களா?"

"எந்த ரெண்டு உயிரை? அந்தப் பொண்ணு இப்பதான் வந்து, இடுப்புல கொஞ்சம் இறுக்கிப் பிடிச்சுத் தையுங்கக்கான்னு சொல்லிட்டுப் போச்சு."

"அது நடிகையாம். செத்தது வேறயாம்."

மனைவி நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "மூடினாத்தான தப்பு? மூடாதீங்க. தீந்தது பிரச்சனை."

இவ்வளவு சுலபமான வழி தனக்குத் தோன்றவில்லையே என்று கேட்காரர் வெட்கப்பட்டார்.

மறுநாள் நாடகத்தில் அவர் கேட்டை மூடவில்லை. பெண் ஓடிவந்தாள். வழக்கப்படி கேட்டில் மோதி விழத் தயாராக வந்தவள், கேட் திறந்திருந்ததால் நேரே பாலத்தின் மேலேயே போய்விட்டாள். பையன் அங்கே நின்றான். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். இதற்கு வசனம் கிடையாது. நீலத் துணிக்காரர்கள் மட்டும் கடமை தவறாமல் ஆட்டிக்கொண்டிருந்தார்கள்.

"சாப்டியா?" என்றான் பையன், வேறெதுவும் தோன்றாமல்.

"இல்ல. நீ?"

"இல்ல."

"அப்ப வா, போலாம்."

இரண்டு பேரும் கைகோத்துக்கொண்டு பக்கவாட்டில் போனார்கள். திரையை எப்போது விடுவது என்று தெரியாமல் திரைக்காரர் விடாமலே இருந்தார். கொஞ்ச நேரம் வெறும் பாலத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ஜனங்கள், பிறகு எழுந்து நின்று விசில் அடித்தார்கள். நான் அன்று போகவில்லை. போனவர்கள் ஒரு வாரத்துக்கு அதையே சொல்லி என் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டார்கள்.

காலையில் கமிஷன் கூடியபோது தலைவர் முகம் சிவந்திருந்தது.

"விசாரணைல இருக்கற சாவை நிறுத்த உங்களுக்கு யாரு அதிகாரம் குடுத்தது?"

"சார், நீங்கதான் மூடினது தப்புன்னு..."

"தப்புன்னா நிறுத்திடறதா? தப்பு நடந்தாத்தானய்யா விசாரிக்க முடியும்? நேத்து யாரும் சாகல. இன்னிக்கும் சாகலேன்னா இந்தக் கமிஷன் எதுக்கு? இந்த ரூம் எதுக்கு, கார் எதுக்கு, இவரு எதுக்கு?" என்று செயலாளரைக் காட்டினார். செயலாளருக்கு முதல் தடவையாகத் தன் எதிர்காலம் கண்முன் வந்துபோயிற்று.

"சாட்சியத்தைக் கலைச்சதா ஆகும் சார்" என்று அவர் உடனே சொன்னார். "கேட்டை மூடறது அவர் மேல இருக்கற குற்றம். அந்தக் குற்றத்தை விசாரணை முடியற வரைக்கும் அவர் தொடர்ந்து செய்யணும். செய்யலேன்னா, குற்றத்தைச் செய்யாத குற்றம் தனியா வரும்."

மூடினால் கொலை, திறந்தால் கலைப்பு. கேட்காரர் கையைப் பிசைந்துகொண்டு வீட்டுக்கு வந்தார். "பாதி மூடுங்க" என்றார் மனைவி. பாதி மூடினார். சாவதா வாழ்வதா என்று நடிகர்களுக்குக் குழப்பம் வந்துவிட்டது. பையன் குதித்துவிட்டான், பெண் கேட்டின் சந்தில் ஒருக்களித்து நுழைந்து வந்து, "ஐயையோ, குதிச்சிட்டியா? நான் வந்துட்டேனே" என்று துணியை எட்டிப் பார்த்தாள். அன்றைக்கு ஒரு சாவுதான். காதலர் என்று பன்மையில் பெயர் வைத்த கமிஷனுக்கு ஒரே ஒருவரின் சாவை விசாரிக்க முடியுமா என்று செயலாளர் மூன்று நாள் விதிகளைப் புரட்டினார். அதற்குப்பிறகு கேட்காரர் பேசாமல் முழுசாகவே மூடத் தொடங்கினார். இரண்டு பேரும் முறைப்படி செத்தார்கள். எல்லாருக்கும் மூச்சு வந்தது.

இவ்வளவு களேபரத்திலும் கேட்காரர் ஒன்றைக் கவனித்துவந்தார். தலைவரின் மகள் மாத்திரையோடு வருகிற நேரம் ஆனதும் ஸ்டெனோ ஏதாவது சாக்குச் சொல்லிக் கேட்டுக்கு வந்துவிடுவான். தண்ணீர் குடிக்க, பேனாவுக்கு மை போட, மழை வருமா என்று பார்க்க. அவளும் அப்பாவின் முதுகைத் தட்டிவிட்டபிறகு உடனே போவதில்லை. ஓரத்து பெஞ்சில் உட்கார்ந்து விசாரணையைக் கேட்பாள். அதைக் கேட்டுக்கொண்டு யாராலும் உட்கார முடியாது. ஆகவே அவள் கேட்கவில்லை என்பது கேட்காரருக்குத் தெரிந்துவிட்டது. வாசலில் நிற்பவருக்கு யார் எதற்கு வருகிறார்கள் என்பது தெரியாமல் இருக்குமா? அவர் யாரிடமும் சொல்லவில்லை. இருக்கிற இரண்டு காதலர்களே போதும் என்று நினைத்தார்.

ஆனால் ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடியாக இருக்கிற அறையில் எதுதான் மறையும்? ஒருநாள் தலைவர், இளசுகளின் மனசைப் பெரியவர்கள் புரிந்துகொள்ள வேண்டும் என்று கண்ணாடியைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தபோது, அதே கண்ணாடியில் தன் மகளும் ஸ்டெனோவும் சிரித்துக்கொள்வதைப் பார்த்துவிட்டார். பேச்சு அப்படியே நின்றது. மறுநாளிலிருந்து மாத்திரையை அவரே பையில் போட்டுக்கொண்டு வந்தார். முதுகில் பொன் வர்ணம் அப்படியே இருந்தது.

கடைசி அமர்வுக்கு முந்தின நாள் தலைவர் கேட்காரரைத் தனியாகக் கூப்பிட்டார். சைக்கிள் ஷெட் பக்கம், யாரும் இல்லாத இடத்தில் நின்று சன்னமான குரலில் பேசினார்.

"நாளைக்கு நான் அறிக்கையைச் சொல்லச் சொல்ல ஸ்டெனோ எழுதணும். அது முடிஞ்சதும் அவனை நம்ம கார்லயே ஏத்தித் தூரத்து ஆபீசுக்கு அனுப்பறேன். மாத்தல் போட்டாச்சு. அதுவரைக்கும் அவன் வெளிய போகக்கூடாது. என் பொண்ணு வந்தா உள்ள விடக்கூடாது. கேட்டைப் பூட்டிடுங்க."

"சரி சார்."

"இதைச் சரியா செஞ்சீங்கன்னா, அறிக்கைல உங்க பேரை எடுத்துடறேன். பொறுப்பு கேட்டோடதுன்னு போட்டுடலாம். துருப்பிடிச்சு தானா சாத்திக்கிச்சுன்னு. உங்க வேலை, வீடு எல்லாம் அப்படியே இருக்கும்."

கேட்காரர் வீட்டுக்கு வந்து சொன்னார். மனைவி ரொம்ப நேரம் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார்.

"மூடிடுங்க" என்றார் கடைசியில். "நமக்கெதுக்கு ஊர் வம்பு? இந்த வயசுல வீட்டைத் தூக்கித் தலைல வெச்சிட்டு எங்க போறது?"

"அதான் நானும் நினைச்சேன்."

இரண்டு பேரும் அதையே நினைத்துக்கொண்டு தூங்காமல் படுத்திருந்தார்கள்.

மறுநாள் மத்தியானத்திலிருந்தே மழை. ஒத்திகை அறையில் எல்லாரும் கூடினார்கள். அறிக்கைக்கு முன்னால் டீ வரட்டும் என்று தலைவர் சொன்னதால் ஆளுக்கொரு பக்கம் கலைந்தார்கள். கேட்காரர் கேட்டைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, வாசல் கூரைக்குக் கீழே நின்றார்.

அவள் வந்தாள். ஓடித்தான் வந்தாள். கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"அண்ணே, கேட்டைத் திறங்கண்ணே."

பின்னாலிருந்து காலடிச் சத்தம். ஸ்டெனோ படியிறங்கி மழையிலேயே வந்து கேட்டின் இந்தப் பக்கம் நின்றான். ஒருவர் உள்ளே, ஒருவர் வெளியே, நடுவில் பூட்டு. கேட்காரர் இந்தக் காட்சியைத் தினமும் பார்ப்பவர். அவர் வாய் தானாகத் திறந்தது. 'நேரம் ஆச்சு' என்பது தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. அதை விழுங்குவதற்கு அவர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும்.

"நாளைக்கு என்னைப் பெரியம்மா வீட்டுக்கு அனுப்பறாங்கண்ணே. அப்புறம் நாங்க பாத்துக்கவே முடியாது."

"எங்கம்மா போவீங்க?"

"இவரோட அக்கா வீட்டுக்கு. அவங்க வரச் சொல்லிட்டாங்க. இப்ப ஒரு பஸ் இருக்கு."

கேட்காரர் ஒரு தடவை தெருவைப் பார்த்தார். "திறக்கலேன்னா நீங்க குதிச்சிட மாட்டீங்களே?"

"எதுலண்ணே?" என்று அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். அரங்கத்தைச் சுற்றி ஒரு சாக்கடைதான் இருந்தது. "இதுலயா?"

அவருக்குச் சிரிப்பு வந்தது. கூடவே அழுகையும் வந்தது. கதை என்று நினைத்து அத்தனை சாயங்காலமும் மூடினவருக்கு, இந்தப் பிள்ளைகள் முகத்தைப் பார்த்துக்கொண்டு மூட முடியவில்லை, அவ்வளவுதான். ஆனாலும் கை பைக்குப் போகாமல், பையின் மேலேயே கிடந்தது. கண்முன்னே இரண்டு அறையும், பெயின்ட் டப்பாவில் மனைவி வைத்திருக்கும் செடியும் வந்து நின்றன.

"என்ன பாத்துட்டே நிக்கறீங்க? பொண்ணு நனையுதுல்ல?"

மனைவி பின்னால் நின்றிருந்தார். கையில் வீட்டுக் குடை. ஊர் வம்பு நமக்கெதற்கு என்று நேற்றுக் கேட்ட அதே மனைவிதான்.

கேட்காரர் சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்தார். பாதி இல்லை, முழுசாகவே திறந்தார். ஸ்டெனோ வெளியே போனான். மனைவி கேட் வழியாகக் குடையை நீட்டினார். "ஒரு கம்பி உடைஞ்சிருக்கும், அந்தப் பக்கம் நீ பிடிச்சுக்கோப்பா" என்றார் ஸ்டெனோவிடம். இரண்டு பேரும் தெருமுனை திரும்புகிற வரைக்கும் அந்தக் கறுப்புக் குடை ஒரு பக்கம் தொங்கிக்கொண்டே போனது.

டீ முடிந்தது. தலைவர் சிம்மாசனத்தில் உட்கார்ந்து தொண்டையைச் சரிசெய்துகொண்டார். "எழுதிக்கோங்க" என்றார். பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. பேனா மட்டும் மேஜைமேல் மூடி வைக்கப்பட்டிருந்தது.

"ஸ்டெனோ எங்க?"

டீ டம்ளர்களை எடுக்க வந்தவர் வாசலில் பார்த்ததை வாய்விட்டுச் சொல்லிவிட்டார். பையன் போய்விட்டான், ஒரு பெண்ணோடு, ஒரே குடையில். தலைவர் எழுந்து வாசல் பக்கம் திரும்பினார். கண்ணாடிச் சுவரில் அவர் முதுகும் பொன் வர்ணமும் தெரிந்தன.

"கேட்டை யாரு திறந்தது?"

கமிஷன் என்றால் இதுதான் கமிஷன் என்று சொல்லும்படி எல்லாரும் தங்கள் பதிலோடு தயாராக இருந்தார்கள்.

"நான் டீ குடிச்சிட்டிருந்தேன்" என்றார் செயலாளர்.

"கேட் எனக்குச் சம்பந்தமில்லாத காட்சி" என்றார் பல் டாக்டர்.

"பாத்திரங்கள் ஒரு கட்டத்துக்கு மேல..." என்று நாடகாசிரியர் ஆரம்பித்தார்.

"நான்தான் திறந்தேன்" என்றார் கேட்காரர்.

யாராவது "நான்தான் செஞ்சேன்" என்று சொல்லி அந்த அறையில் யாரும் கேட்டதில்லை. தலைவர் தன் வாழ்நாளில் கேட்டதில்லை. பல் டாக்டர் தன்னையறியாமல் ஒரு அடி விலகி நின்றார், ஒட்டிக்கொண்டுவிடும் என்பதுபோல.

"என்ன சொன்னீங்க?"

"நான்தான் சார். யாரும் சொல்லல. என் கையாலதான் திறந்தேன். பூட்டி வெச்சிருந்தேன், அப்புறம் திறந்துட்டேன்." இத்தனை நாளாக 'நானில்லை, நானில்லை' என்று சொல்லிச் சொல்லி வளைந்திருந்த அவருடைய முதுகு, அதைச் சொன்னபோது நிமிர்ந்திருந்தது. வாசலில் அவர் மனைவி, வீடு போகப் போகிறது என்று தெரிந்தும், ஏனோ சிரித்த முகமாக நின்றார்.

"இதைப் பதிவு பண்ணுங்க!" என்று கத்தினார் தலைவர். "வார்த்தைக்கு வார்த்தை பதிவு பண்ணுங்க!"

செயலாளர் பேனாவைப் பார்த்தார். காலி நாற்காலியைப் பார்த்தார். விதிகளை மனசுக்குள் புரட்டினார். அவர் முகம் மெல்லக் கறுத்தது.

"சார், பதிவு பண்ற அதிகாரம் ஸ்டெனோவுக்கு மட்டும்தான். இப்ப ஸ்டெனோ இல்ல."

"அதனால?"

"பதிவாகாதது..." செயலாளர் இழுத்தார். "சொல்லப்படாதது சார். முதல் விதி. நீங்க போட்டது."

"அப்ப இவரு இப்ப சொன்னது?"

"எதுவும் சொல்லல சார்."

"நான் இப்ப கேட்டது?"

"நீங்களும் எதுவும் கேக்கல சார். ஸ்டெனோ இல்லாம கமிஷன் கூடினதாவே ஆகாது. முறைப்படி நாம யாரும் இப்ப இங்க இல்ல."

இல்லாதவர்கள் ஒவ்வொருவராக எழுந்து, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். அறிக்கை யாராலும் எழுதப்படவில்லை. இன்றுவரை அந்த இரண்டு சாவுக்கு யார் பொறுப்பு என்று தெரியாது. நாடகம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. கேட்காரர் இன்னும் சாயங்காலம் இரண்டு கேட்டைச் சாத்துகிறார். இரண்டு அறையும் அவர்களிடமே இருக்கின்றன.

ஆனால் அன்றைக்குத் தலைவர் மட்டும் போகவில்லை. எல்லாரும் போனபிறகு கேட்டுக்கு வந்து, கேட்காரருக்குப் பக்கத்தில், கூரைக்குக் கீழே நின்றார். மழை பெய்துகொண்டே இருந்தது. ரொம்ப நேரம் தெருமுனையைப் பார்த்தார். கண்ணாடி இல்லாத இடத்தில் அவருக்கு முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"அவளுக்கு மழை ஒத்துக்காது" என்றார். "சின்ன வயசுலேருந்தே. உடனே சளி பிடிச்சுக்கும்." பிறகு, குரலே எழும்பாமல் கேட்டார்: "குடை எடுத்துட்டுப் போனாளாப்பா?"

"எங்க வீட்டுக் குடை சார். ஒரு கம்பி போயிடுச்சு. ஆனா ரெண்டு பேருக்குப் போதும்."

தலைவர் தலையை ஆட்டினார். அவர் திரும்பியபோது கேட்காரரின் மனைவி முந்தானையை எடுத்து, அவர் முதுகிலிருந்த பொன் வர்ணத்தைத் தட்டிவிட்டார். பெரிய மனுஷர், அந்த வாசலிலேயே நின்று அழுதார். இதுவும் பதிவாகவில்லை.